மலைக்கென்று ஒரு பேச்சு

கேரள எல்லையிலுள்ள வெள்ளறடையில் நின்று கிழக்கே பார்த்தால் நிலம் படிப்படியாக எழுந்து போவது தெரியும். ரப்பர்த் தோட்டங்களும் மரச்சீனி விளைகளும் மேடேறி, பத்துகாணி, ஆறுகாணி என்று ஊர்ப்பெயர்கள் மாறுகிற இடத்தில் மலை தொடங்கிவிடுகிறது. நோன்புக்காலத்தில் சிலுவை தூக்கித் தெக்கன் குருசுமலை ஏறுகிறவர்களும், சித்திரா பௌர்ணமிக்குப் பொங்கலிடக் காளிமலை ஏறுகிறவர்களும் இந்தப் பக்கமாகத்தான் வருகிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் மோர் விற்பவர்கள் ஒரே ஆட்கள். இந்த மலைகளுக்கு அப்பால், காடு அடர்ந்து அடர்ந்து போய், 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியர்கூடம். நெய்யாறு அதன் மேற்குச் சரிவில் பிறந்து நெய்யாற்றின்கரை வழியாகப் பூவாற்றில் கடல் சேர்கிறது. பொருநை கிழக்குச் சரிவில் பிறந்து பாபநாசத்தில் அருவியாய் இறங்கி நெல்லைச் சீமைக்கு வருகிறது. ஒன்று மலையாளம் பேசும் நாட்டுக்குப் போகிறது, மற்றது தமிழ் பேசும் நாட்டுக்கு.

மலையோ தனக்கென்று ஒரு பேச்சை வைத்துக்கொண்டிருக்கிறது.

பேசுகிறவர்கள் காணிக்காரர்கள். காணிகள் என்றும் சொல்வோம். கேரளத்தில் திருவனந்தபுரம், கொல்லம் மாவட்டக் காடுகளில் 2011 கணக்கெடுப்பின்படி இருபத்தோராயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள். எல்லைக்கு இப்பால், தமிழ்நாட்டில், பேச்சிப்பாறை, கோதையாறு மலைகளிலும், நெல்லைப் பக்கம் பாபநாசம் மலையிலும் அவர்கள் குடியிருப்புகள் உண்டு. தங்கள் பேச்சை மலம்பாஷை என்பார்கள், மலையின் பாஷை. அதற்கு எழுத்து கிடையாது. தமிழ்க் காதுக்கு முதலில் மலையாளம் போலிருக்கும், மலையாளக் காதுக்குத் தமிழ் போலிருக்கும், இரண்டு பேருமே நாலாவது வாக்கியத்தில் வழி தவறிவிடுவார்கள்.

அகத்தியரைத் தமிழுக்கு முதல் இலக்கணம் செய்தவர் என்று கொண்டாடும் மரபு நம்முடையது. அவர் பெயர் கொண்ட மலையின் மடியிலேயே, அவரைத் தங்கள் குருவாக வணங்கிக்கொண்டு வாழும் மக்களின் பேச்சுக்குப் பழைய இலக்கணம் எதிலும் ஒரு சூத்திரம் இல்லை. முனிவர் கோபித்துக்கொள்ளமாட்டார் என்றே நினைக்கிறேன். இலக்கணம் எழுதுவதற்கு முன்னால் மொழி எப்படி இருந்ததோ, அப்படியே ஒன்றைத் தன் காலடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மொழி அறிஞர்களில் சிலர் இதை மலையாளத்தின் கிளைமொழி என்பார்கள், சிலர் தனி மொழி என்பார்கள். தமிழும் மலையாளமும் பிரிந்து வேறு வேறு வழியில் நடக்கத் தொடங்கிய நூற்றாண்டுகளில், கீழே அரசர்களும் கோயில்களும் ஏடுகளும் இருந்தவர்களுக்குத்தான் ஏதாவதொரு பக்கம் சேர வேண்டியிருந்தது. மலைமேல் இருந்தவர்களுக்கு அந்த அவசரம் வரவில்லை. ஆகவே, யாருடைய கிளை என்ற கேள்வியில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. எப்படி இப்படி ஒன்று உண்டானது என்ற வியப்பு மட்டும் குறைவதில்லை.

அந்த வியப்பைக் கொஞ்சம் கீழே இறங்கி, தொண்டையிலிருந்தே தொடங்கலாம். மூச்சை உள்ளே இழுக்கிறோம். உடம்பு தனக்கு வேண்டிய உயிர்க்காற்றை எடுத்துக்கொள்கிறது. மிச்சம் வெளியே போக வேண்டிய காற்று. அந்தக் கழிவுக் காற்றை வைத்துத்தான் பேச்சு நடக்கிறது. படைத்தவனின் சிக்கனத்துக்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். குரல்வளைக்குள் இரண்டு சிறு மடிப்புகள். ஆண் பேசும்போது அவை நொடிக்கு நூறு முறைக்கு மேலும், பெண் பேசும்போது ஏறக்குறைய இருநூறு முறையும் அதிர்கின்றன. நாவுக்கு அடியில் லாடம் போல வளைந்த ஓர் எலும்பு உண்டு. உடம்பின் வேறு எந்த எலும்போடும் அது மூட்டுச் சேர்வதில்லை. தசைகளிலும் நாண்களிலும் அந்தரத்தில் நின்றபடி, நாக்கு ஆடும் ஆட்டத்துக்கெல்லாம் அது அடியில் தாங்கிக் கொடுக்கிறது. இவ்வளவும் காணிக்கும் ஒன்றே, நெய்யாற்றின்கரை வக்கீலுக்கும் ஒன்றே.

ஆனால் அந்த ஒரே கருவியில் எந்த ராகம் என்பது பிறப்பதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. 2009இல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காத்லீன் வெர்ம்கேயும் கூட்டாளிகளும் பிறந்து சில நாளேயான அறுபது குழந்தைகளின் அழுகையைப் பதிவு செய்து பார்த்தார்கள். முப்பது பிரெஞ்சுக் குழந்தைகள், முப்பது ஜெர்மன் குழந்தைகள். பிரெஞ்சுக் குழந்தையின் அழுகை கீழிருந்து மேலேறியது, ஜெர்மன் குழந்தையினுடையது மேலிருந்து கீழிறங்கியது. அந்தந்தத் தாய்மொழி வாக்கியம் போகும் போக்கு அதுதான். கருவறைக்குள் சொற்கள் தெளிவாகக் கேட்காது. ஏற்ற இறக்கம் கேட்கும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கற்றுக்கொண்டுதான் குழந்தை வெளியே வருகிறது. அப்படியானால் ஆறுகாணிக் காட்டில் பிறக்கும் காணிக் குழந்தையின் முதல் அழுகையில் என்ன மெட்டு இருக்கும்? யாராவது ஒருவர் பதிவுக்கருவியோடு போய்க் கேட்கலாம். தாயிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போகட்டும்.

எல்லைப்புறத்தின் காதே தனி. பனச்சமூடு சந்தையில் அரை மணி நேரம் நின்றால் போதும். ஒருவர் தமிழில் விலை கேட்கிறார், விற்பவர் மலையாளத்தில் சொல்கிறார், பேரம் இரண்டும் கலந்த ஒன்றில் நடக்கிறது. சின்னப் பையன் ஒருத்தனைக் கூப்பிடுவதற்கு ஒருவர் ‘மக்களே’ என்கிறார், அடுத்தவர் ‘அப்பி’ என்கிறார். ‘மக்களே’ என்பதைக் கேட்டுப் பன்மையைத் தேடித் திரும்பிப் பார்ப்பவர் வெளியூர்க்காரர் என்று கண்டுகொள்ளலாம்.

இந்தப் பேச்சுக்குள் ஒரு பழம்பொருள் உயிரோடு இருக்கிறது. தொல்காப்பியம் தகரம் ஓரிடத்திலும், றகரம் இன்னோரிடத்திலும், டகரம் மூன்றாவது இடத்திலும் பிறப்பதாக வகுத்தது. நாக்கு நுனி பல்லில் படுவது, அதற்குச் சற்று மேலே ஈற்றில் படுவது, மடங்கி அண்ணத்தில் படுவது என்று மூன்று. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் பேச்சிலே நடு இடம் போய்விட்டது. காற்று ‘காத்து’ ஆனது, ஆற்றங்கரை ‘ஆத்தங்கரை’ ஆனது. மலையாளம் அந்த நடு இடத்தை விடவில்லை, ஈழத்தமிழும் விடவில்லை. சென்னையிலிருந்து வரும் தமிழாசிரியர் ஒருவர் எழுத்தில் மட்டுமே அறிந்த இரட்டை றகரத்தை, வெள்ளறடைச் சாலையோரத்தில் வாழைக்குலை விற்பவர் நாவிலிருந்து காசில்லாமல் கேட்டுவிட்டுப் போகலாம். நாக்கு ஒரு நெல்மணி அகலம் முன்னே பின்னே நகர்வதில் இரண்டாயிரம் ஆண்டு தங்கியிருக்கிறது.

மலம்பாஷையின் முழு உருவம் பகலில் தெரியாது. அதற்கு ஓர் இரவு வேண்டும். காணிக்காரர் குடியிருப்பில் தலைவர் மூட்டுக்காணி. ஊரைக் கூட்டிச் செய்தி சொல்பவர் விளிக்காணி. தெய்வத்தோடு பேசுகிறவர் பிலாத்தி. யாருக்காவது நோய் கண்டு மருந்துக்கும் அடங்காவிட்டாலும், காட்டைத் திருத்தி விதைப்பதானாலும், யானைத் தொந்தரவு மிஞ்சினாலும் பிலாத்தி சாற்றுப்பாட்டுக்கு உட்காருவார். சாற்றுக்கு வாத்தியம் கொக்கரை. இரும்பாலான குழல், அதன் விளிம்பு பல் பல்லாக வெட்டியிருக்கும், இன்னோர் இரும்புக் கம்பியால் உரசினால் கரகரவென்று ஓயாத ஒலி எழும். காட்டுக்கு வெளியே வளர்ந்த காதுக்கு அது இனிய ஒலி என்று சொன்னால் பொய். ஆனால் இரண்டு மூன்று கொக்கரைகள் சேர்ந்து ஒரே தாளத்தில் நிற்கும்போது, இருட்டில் காடு தானே பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது போல இருக்கும். அந்தத் தாளத்தின் மேல் பிலாத்தியின் குரல் ஏறும். மலைத் தெய்வங்கள் ஒவ்வொன்றாக, பெயர் சொல்லி, இடம் சொல்லி அழைக்கப்படும். விடிய விடிய நடக்கும். ஏடு கிடையாது, பார்த்துப் பாட எதுவுமே கிடையாது. நினைவு, மூச்சு, அடுத்த அடியை எடுத்துக்கொடுக்கக் கூட இருப்பவர்களின் குரல், இவ்வளவுதான் முதல்.

சாமுவேல் மெட்டீர் 1883இல் திருவிதாங்கூர் வாழ்க்கையைப் பற்றி எழுதிய புத்தகத்திலும், எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் தொகுதிகளிலும் காணிக்காரர் வருகிறார்கள். 1937இல் எல்.ஏ. கிருஷ்ண ஐயர் இன்னும் விரிவாக எழுதினார். மூவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆனாலும் அவர்கள் புத்தகங்களில் காணிகளின் குடில்களையும் மணமுறைகளையும் காண்கிற அளவுக்கு அவர்கள் குரலைக் கேட்க முடிவதில்லை. யானைக்குப் பயந்து மரத்தில் கட்டிய ஏறுமாடத்தை வரைந்து காட்டிவிடலாம். அதன்மேல் உட்கார்ந்து இரவில் பேசிய பேச்சைத் தாளில் எப்படிக் கொண்டுவருவது?

பேச்சுக்குள் என்ன இருக்கிறது என்பதை உலகம் 1987 டிசம்பரில் தற்செயலாகத் தெரிந்துகொண்டது. பழங்குடிகளின் தாவர அறிவைத் தொகுக்க டாக்டர் பி. புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு விஞ்ஞானிகள் குழு அகத்திய மலையில் ஏறியது. வழிகாட்டிகளாகக் காணிகள் வந்தார்கள். படித்தவர்கள் மூச்சு வாங்கி உட்கார, வழிகாட்டிகள் சளைக்காமல் முன்னே நடந்தார்கள். இடையிடையே சிறு கறுப்புப் பழம் எதையோ வாயில் போட்டுக்கொண்டார்கள். களைத்துப்போனவர்களுக்கும் கொடுத்தார்கள். தின்றவர்களுக்குச் சோர்வு தெளிந்தது. எந்தச் செடி என்று கேட்டபோது காணிகள் உடனே சொல்லவில்லை. வெளியாருக்குச் சொல்லக் கூடாத இரகசியம் அது. தவறாகப் பயன்படுத்தமாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகே காட்டினார்கள்: ஆரோக்கியப்பச்சை.

செடி அறிவியலுக்குப் புதிதல்ல. டிரைக்கோபஸ் செய்லானிகஸ் என்று லத்தீன் பெயர் எப்போதோ வைத்தாகிவிட்டது. இலங்கையிலும் அது வளர்கிறது. உலர்ந்த மாதிரியைக் காகிதத்தில் ஒட்டிப் பெயரெழுதி வைத்தவர்களுக்கு, அதைத் தின்றால் மலையேறலாம் என்பது தெரியாது. அந்த அறிவு மலம்பாஷையில் மட்டுமே இருந்தது. திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அந்தச் செடியின் இலையை ஆராய்ந்து, அமுக்கிராவும் வேறு மூலிகைகளும் சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய மருந்தகத்துக்குத் தயாரிப்பு உரிமம் பத்து லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் இரண்டு சதவீதத்துக்கும் கொடுக்கப்பட்டது. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. பணத்தை வாங்கிக்கொள்ள 1997இல் காணிகளின் சமுதாய நல அறக்கட்டளை ஒன்று பதிவானது. பழங்குடி அறிவிலிருந்து வந்த லாபத்தைப் பழங்குடிகளோடு பங்கிட்டுக்கொண்டதற்கு உலகத்தின் தொடக்ககால உதாரணங்களில் ஒன்றாக இது இன்றும் பேசப்படுகிறது.

எனக்கு இந்தக் கதையில் பணத்தைவிடப் பிடித்தது இன்னொரு சங்கதி. ஆரோக்கியப்பச்சையை மலைக்கு வெளியே தோட்டத்தில் வளர்த்துப் பார்த்தபோது செடி வந்தது, மருந்தின் குணம் வரவில்லை. காட்டு மரத்தின் நிழலில், அந்த மண்ணில், அந்த ஈரத்தில் வளர்ந்தால்தான் அது ஆரோக்கியப்பச்சை. மற்ற இடத்தில் வெறும் பச்சை. மொழியைப் பற்றியும் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மலம்பாஷைச் சொற்களைத் திரட்டி அகராதி போட்டால் சொற்கள் வரும். எந்த ஓடைக்கரையில் எந்த மாதத்தில் எந்தக் கிழங்கு தோண்டலாம், எந்தத் தேனைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது, எந்தப் பாறையை மிதிக்காமல் சுற்றிப் போக வேண்டும் என்று அந்தச் சொற்களைச் சுற்றி நிற்கும் காடு அகராதிக்குள் வராது.

கல்லாறு லட்சுமிக்குட்டி அம்மாவை நம்மில் பலர் அறிவோம். பொன்முடி அடிவாரத்துக் காட்டில் வாழும் காணி மூதாட்டி, விஷ வைத்தியர். 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஐந்நூறு மருந்துகளின் சேர்மானம் அவருக்கு மனப்பாடம் என்பார்கள். தாயிடமிருந்து வாய்வழியாக வந்தது. விஷம் ஏறியவனைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் வருகிறவர்களிடம் ‘புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்’ என்று சொல்ல முடியாது. நாக்கு நுனியில் இருந்தாக வேண்டும்.

உலக மொழிகளுக்கு மூன்றெழுத்துக் குறி கொடுத்து வைத்திருக்கும் சர்வதேசப் பட்டியல் ஒன்று உண்டு. ஏழாயிரத்துக்கு மேற்பட்ட வரிகள். காணிக்காரர் பேச்சுக்கும் அதில் ஓர் இடம் இருக்கிறது: கே, ஈ, வி. அதே பட்டியலில் பி, எச், ஆர் என்று ஒரு வரி. மடகாஸ்கர் தீவின் தென்பாதியில், இஹோசி ஊரைச் சுற்றிய புல்வெளிகளில் திமில் மாடு மேய்க்கும் பாரா மக்களின் பேச்சு. அவர்களும் மொழியை நம்பி வாழ்கிறவர்கள்தான். மாடுதான் அவர்கள் செல்வம், மாடு திருடிக்கொண்டு வந்து வீரத்தைக் காட்டியவனுக்குப் பெண் கொடுத்த வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. மாட்டைத் திருடலாம், அவையில் வாய் திறந்து பேசத் தெரியாதவனுக்கு மதிப்பில்லை. மடகாஸ்கரில் கல்யாணத்திலும் சாவிலும் ‘கபாரி’ என்று ஓர் அலங்கார உரை நடக்கும். 2021இல் யுனெஸ்கோ அதைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பாரா பேச்சின் வேரைத் தேடினால் பக்கத்திலிருக்கும் ஆப்பிரிக்காவுக்குப் போகாது. கடலைத் தாண்டி, போர்னியோத் தீவின் பாரித்தோ ஆற்றங்கரைக்குப் போகும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் படகில் வந்தவர்கள் கொண்டுவந்தது. நார்வே நாட்டு மொழியறிஞர் ஓட்டோ டால் 1951இல் அங்குள்ள மஆன்யான் மொழியோடு ஒப்பிட்டு அந்த உறவைக் காட்டினார்.

அங்கே ஒரு பேச்சு இந்துமாக்கடலையே தாண்டியிருக்கிறது, இங்கே ஒரு பேச்சு ஒரு மலையை விட்டு இறங்காமல் இருந்திருக்கிறது. இரண்டையும் செய்யத் தெரிந்த ஒன்றை மனிதன் தானாகக் கண்டுபிடித்தான் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் எல்லையில் மூன்று வேதத்தாரும் இருக்கிறார்கள். பைபிள், பாபேல் கோபுரம் கட்டியவர்களின் ஆணவத்தை அடக்க ஆண்டவர் பாஷைகளைத் தாறுமாறாக்கினார் என்கிறது. திருக்குர்ஆன், உங்கள் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது இறைவனின் அத்தாட்சிகளில் ஒன்று என்ற கருத்தைச் சொல்கிறது. நம் புராணத்தில் சிவனே ஒரு மொழியை முனிவருக்குக் கற்றுக்கொடுத்து மலைக்கு அனுப்புகிறார். ஒன்றில் தண்டனை, ஒன்றில் அடையாளம், ஒன்றில் பிரசாதம். குருசுமலை ஏறுகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பெந்தெகொஸ்தே நாளில் சீடர்கள் பல பாஷைகளில் பேசியதாகவும் அதே பைபிளில்தான் இருக்கிறது. தாறுமாறாக்கியவரே பிறகு அத்தனை பாஷையிலும் வந்து பேசினார்.

மொழியை வைத்து அரசாங்கம் செய்ததோ வேறு. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரையும் வேண்டும் என்று கேட்டுப் போராடியவர்கள் இருந்தார்கள். அது கேரளத்திலேயே நின்றது. மொழியை வைத்து நிலத்தை வகுத்தார்கள். அந்த வகுத்தலில் மலம்பாஷை எந்தப் பக்கம் என்று எந்தக் குழுவும் கேட்டதாக நான் படித்ததில்லை. கோடு காட்டின் நடுவே போயிற்று. அன்றிலிருந்து அம்பூரி மலையின் காணிப் பிள்ளை மலையாளம் எழுதிப் படிக்கிறது, பேச்சிப்பாறைக் காணிப் பிள்ளை தமிழ் எழுதிப் படிக்கிறது. அண்ணன் தம்பி இல்லம், மச்சம்பி இல்லம் என்று உறவு வகுத்துக் கொண்டும் கொடுத்தும் வந்த ஒரே மக்களின் பேரப்பிள்ளைகள், ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியாதவர்களாக ஆனார்கள். 1958இல் நெய்யாறு அணை வந்தது. நீர் தேங்கி, அம்பூரிக்கு அக்கரையிலுள்ள புரவிமலைக் காணிகளுக்குக் கும்பிச்சல் கடவுப் படகே நெடுங்காலம் வழியானது. கடவைத் தாண்டிப் பள்ளிக்கு வரும் பிள்ளை, தன் பேச்சை அக்கரையில் விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. வகுப்பில் அதற்கு இடமில்லை. சிரிப்பார்கள் என்ற பயம் வேறு.

ஓணம் நெருங்கும்போது காணிகள் தேனும் வாழைக்குலையும் மூங்கில் பொருள்களும் சுமந்துகொண்டு திருவனந்தபுரம் கவடியார் அரண்மனைக்குப் போய்க் காணிக்கை வைக்கும் வழக்கம் இருக்கிறது. திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா பகைவரிடமிருந்து தப்பிக் காட்டில் அலைந்தபோது காத்தவர்கள் இவர்கள் என்பது கர்ணபரம்பரை. அரண்மனையிலிருந்து கோடித்துணி கிடைக்கும், பத்திரிகையில் படம் வரும். அங்கே அவர்கள் என்ன மொழியில் பேசிக்கொண்டார்கள் என்று எந்தப் படத்தின் அடியிலும் எழுதியிருக்காது.

ஆராய்ச்சிக்காரர்கள் மலையேறுவது நிற்கவில்லை. சாற்றுப்பாட்டைப் பதிவு செய்கிறார்கள், பட்டம் வாங்குகிறார்கள். ஓர் இலைக்கு உரிமத்தில் பாதி என்று கணக்குப் பார்க்கத் தெரிந்த இந்த நாட்டில் பாட்டுக்கும் ஒரு கணக்கு இருந்தாக வேண்டும். குறைந்தபட்சம், பதிவின் ஒரு பிரதி பிலாத்தி வீட்டிலும், ஒரு பிரதி அந்தக் குடியிருப்பின் பள்ளிக்கூடத்திலும் இருக்கட்டும். கேரளப் பள்ளியானாலும் தமிழ்நாட்டுப் பள்ளியானாலும். வாரத்தில் ஒரு மணி நேரம் அதைப் போட்டுக் கேட்க, பாடத்திட்டக் குழுவின் அனுமதிகூடத் தேவைப்படாது. தலைமையாசிரியர் மனம் வைத்தால் போதும்.